நல்லதண்ணி முதல் முகத்துவாரம் வரை: சிவனொளிபாதமலையின் காடும் பாதையும்

மே மாதத்து வெசாக் பௌர்ணமி கழிந்ததும் ஆண்டுதோறும் ஒரு சிறு செய்தி வரும்: சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் நிறைவடைந்தது. அடுத்த சில வாரங்களில் இன்னொன்று வரும்: மலையேறச் சென்றவர்கள் மழையிலும் இருளிலும் வழிதவறினார்கள், தேடி மீட்டார்கள். இரண்டையும் சேர்த்து வாசிப்பவருக்குக் குழப்பம் எழுவது இயல்பு. மலையை மூடிவிட்டார்களா? மூடியிருந்தால் இவர்கள் எப்படிப் போனார்கள்? மூடவில்லை என்றால் 'நிறைவு' என்பதற்கு என்ன பொருள்? அனுமதியின்றிக் காட்டுக்குள் நுழைந்தவர்கள் மீது வழக்கு என்றும் அவ்வப்போது படிக்கிறோம். கும்பிடப் போகிற மலைக்கு அனுமதி எதற்கு?

இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் மழைதான் விடை. அந்த மலையில் எப்போது ஏறலாம், எந்தப் பாதையில் ஏறலாம், காடு ஏன் இன்னும் இருக்கிறது, கொழும்பில் இருக்கும் நமக்கு அதில் என்ன அக்கறை என்பதெல்லாம் அங்கே பெய்யும் மழையிலிருந்தே தொடங்குகின்றன.

மலை நிற்கும் இடம்

சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீட்டர். இலங்கையின் மிக உயர்ந்த மலை இதுவே என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த இடம் நுவரெலியாவுக்கு மேலே நிற்கும் பீதுருதலாகலைக்கு உரியது. கிரிகல்பொத்த, தொட்டுபொல கந்த ஆகியவையும் இதைவிட உயரமானவை. ஆனாலும் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிவது இதுதான். மற்ற மூன்றும் ஏற்கெனவே உயர்ந்துவிட்ட மேட்டுநிலத்தின் மேல் எழுந்தவை. இதுவோ மத்திய மலைநாட்டின் தென்மேற்கு விளிம்பில், சப்ரகமுவவின் தாழ்நிலத்தைப் பார்த்தபடி, தனிக் கூம்பாக நிற்கிறது. கொழும்பிலிருந்து நேர்க்கோட்டில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். முதல்நாள் மழை காற்றைக் கழுவிவிட்ட காலைகளில், வெயில் ஏறுவதற்கு முன்பு, நகரத்து மாடிகளில் நின்று கிழக்கே பார்த்தால் அந்தக் கூம்பு தெரியும். மாலுமிகளும் கடலிலிருந்து இதைப் பார்த்தே கரையை அறிந்தார்கள். வெளிநாட்டுப் பயணிகளின் குறிப்புகளில் இந்த மலை இத்தனை முறை இடம்பெறுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

விளிம்பில் நிற்பதால் இன்னொன்றும் நேர்கிறது. இந்து சமுத்திரத்திலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் தென்மேற்குக் காற்று உள்நாட்டில் முதலில் மோதுகிற பெரிய சுவர்களில் இது ஒன்று. மோதிய காற்று மேலே எழுகிறது, எழும்போது குளிர்கிறது, குளிரும்போது சுமந்து வந்த நீரை இறக்கிவிடுகிறது. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் சில இடங்களில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. ஓராண்டு மழை வழிந்தோடாமல் நின்றால் ஐந்து மீட்டர் ஆழம்: ஒன்றரை மாடி வீடு மூழ்கிவிடும்.

ஒரு பாதம், பல பெயர்கள்

உச்சிப் பாறையில் ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளத்தில் பாதம் போன்ற ஒரு பதிவு உண்டு. சைவர்களுக்கு அது சிவனின் திருவடி. சிவனொளிபாதம் என்றும் சிவனடிபாதம் என்றும் தமிழில் வழங்குகிறது. பௌத்தர்களுக்கு அது புத்தரின் பாதம், ஆகவே ஸ்ரீ பாத. முஸ்லிம்களுக்கு இது பாவா ஆதம் மலை, சுவர்க்கத்திலிருந்து இறக்கப்பட்ட ஆதம் நபி கால் ஊன்றிய இடம். போர்த்துக்கேயர் காலத்துக் கிறிஸ்தவர்களில் சிலர் அதைப் புனித தோமையாரோடு இணைத்தார்கள். சிங்களத்தில் சமனல கந்த என்ற பெயரும் உண்டு. மலையைக் காக்கும் சமன் தெய்வத்தின் பெயரும், வண்ணத்துப்பூச்சியைக் குறிக்கும் சமனலயா என்ற சொல்லும் அதில் ஒலிக்கின்றன. யாத்திரைக் காலத்தில் வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக மலையை நோக்கிப் பறப்பதைப் பார்த்தவர்கள், அவையும் கும்பிடப் போகின்றன என்று சொல்வார்கள்.

எந்தப் பெயர் முந்தியது என்ற சச்சரவு சமூக வலைத்தளங்களில் ஓய்வதில்லை. வரலாற்றில் பதிவாகியிருப்பதைப் பார்த்தால் அந்தச் சச்சரவின் வேகம் தணிந்துவிடும் என்றே நம்புகிறேன்.

எழுத்தில் பதிந்த யாத்திரைகள்

புத்தர் இலங்கைக்கு வந்தபோது சமந்தகூட மலையில், அதாவது இந்த மலையில், பாதம் பதித்தார் என்று மகாவம்சம் சொல்கிறது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் தங்கியிருந்த சீனத் துறவி பாகியானும் மலையுச்சியிலுள்ள பாதத்தைக் குறிப்பிடுகிறார். ஆனால் யாத்திரை அரச ஆதரவு பெற்ற பெருவழக்கமாக வளர்ந்ததற்கான தெளிவான சான்றுகள் 11ஆம் நூற்றாண்டில் கிடைக்கின்றன. சோழர் ஆட்சியை முடித்துப் பொலன்னறுவையில் அமர்ந்த முதலாம் விஜயபாகு, யாத்திரிகர்களுக்கு உணவும் தங்குமிடமும் கிடைப்பதற்காகக் கிராமங்களை மானியமாக விட்டான். இரத்தினபுரிப் பக்கத்துக் கிலிமலே அவற்றில் ஒன்று. அம்பகமுவவிலுள்ள அவனுடைய கல்வெட்டும் இந்த ஏற்பாடுகளைப் பேசுகிறது. அடுத்த நூற்றாண்டில் நிசங்கமல்லன் மலையேறி வணங்கியதைப் பகவா குகைக் கல்வெட்டு பதிவு செய்திருக்கிறது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 1344ஆம் ஆண்டின் பதிவு. மொரோக்கோவிலிருந்து புறப்பட்டு உலகம் சுற்றிய இப்னு பதூதா அந்த ஆண்டில் புத்தளம் கரையில் இறங்கினார். அங்கே அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண அரசின் ஆரியச்சக்கரவர்த்தி. என்ன வேண்டும் என்று மன்னர் கேட்க, ஆதமின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்றார் பயணி. மன்னர் ஒரு பல்லக்கையும் அதைத் தூக்க ஆட்களையும் கொடுத்தார். ஆண்டுதோறும் பாதத்துக்கு யாத்திரை போகும் வழக்கமுடைய யோகிகள் நால்வரையும், பிராமணர்கள் மூவரையும், தம்முடைய பரிவாரத்தில் பத்துப் பேரையும், உணவுப் பொருள்களைச் சுமக்கப் பதினைந்து பேரையும் கூட அனுப்பினார். தமிழ் மன்னர் ஒருவர், அரபு மொழி பேசும் முஸ்லிம் ஒருவரை, இந்து யோகிகளின் வழித்துணையோடு, சிங்கள அரசர்களின் நிலத்திலிருந்த மலைக்கு அனுப்பிவைத்தார். இதில் வியப்பு எதுவும் இல்லாததுபோல் அந்தப் பயணி எழுதிச் செல்கிறார்.

அவருடைய குறிப்பில் இன்று ஏறுபவரும் அடையாளம் காணக்கூடிய செய்திகள் இருக்கின்றன. மலைக்கு இரண்டு வழிகள்: ஒன்று பாபா வழி, மற்றது மாமா வழி, அதாவது ஆதமின் பாதை, ஏவாளின் பாதை. மாமா வழி இலகுவானது. ஆனால் அதில் மட்டும் ஏறியவரை யாத்திரை செய்தவராக யாரும் மதிப்பதில்லை. பாபா வழி செங்குத்தானது. அதில் பாறையில் படிகள் வெட்டி, பிடித்து ஏறுவதற்கு இரும்புச் சங்கிலிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். மேலே ஏறியபோது மேகங்கள் தங்களுக்குக் கீழே கிடந்து அடிவாரத்தை மறைத்தன என்கிறார்.

அட்டையையும் அவர் விடவில்லை. நீர்நிலைகளுக்கு அருகே செடிகளிலும் மரங்களிலும் இருக்குமாம். ஆள் நெருங்கினால் பாய்ந்து ஒட்டிக்கொள்ளுமாம், ஒட்டிய இடத்தில் இரத்தம் ஓடுமாம். அதற்காகவே ஊர்க்காரர்கள் எலுமிச்சம்பழத்தைத் தயாராக வைத்திருப்பார்கள், சாற்றைப் பிழிந்தால் அட்டை விழுந்துவிடும், பிறகு அதற்கென்று வைத்திருக்கும் மரக்கத்தியால் கடிவாயைச் சுரண்டிவிடுவார்கள் என்கிறார். அட்டைக்கு எலுமிச்சம்பழம் என்ற அந்த வைத்தியத்தை 680 ஆண்டுகள் கழித்தும் ஈரக்காட்டுப் பாதைகளில் நடப்பவர்கள் கைவிடவில்லை.

பிற்காலத்தில் மலையின் பொறுப்பு கைமாறியது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீதாவாக்கையை ஆண்ட முதலாம் இராஜசிங்கன் சைவத்தைத் தழுவி, மலையைச் சைவ ஆண்டிகளிடம் ஒப்படைத்தான். 18ஆம் நூற்றாண்டில் கண்டியை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதைப் பௌத்த சங்கத்திடம் திருப்பிக் கொடுத்தான். நாயக்கர் வழிவந்த, தமிழ் பேசும் அரச குடும்பத்தில் பிறந்தவன் அவன். இது இன்ன இனத்துக்கு உரியது என்று இன்றைய கோடுகளைக் கிழித்து இந்த மலையின் வரலாற்றைப் பங்கிட முடியாது.

காடு எப்படித் தப்பியது

ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாகப் பஸ்ஸில் போகும்போது இருபுறமும் தேயிலையைத் தவிர வேறொன்றும் தெரியாது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகவும், கோப்பியை இலைத்துரு நோய் அழித்த பிறகு தேயிலைக்காகவும் வெட்டப்பட்ட காட்டின் இடம் அது. வெட்டியவர்களும் நட்டவர்களும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட நம் மலையகத்து முன்னோர்கள். மலையடிவாரத்து ஊருக்குத் தோட்டத்துரைமார் வைத்த பெயர் டல்ஹவுசி. மக்கள் வாயில் நிலைத்த பெயர் நல்லதண்ணி. சிங்கள மொழியிலும் அது நல்லதண்ணிய என்றே வழங்குகிறது. நீரைப் பார்த்து ஊருக்குப் பெயர் வைத்தவர்களின் மொழி அதில் அப்படியே தங்கிவிட்டது.

தேயிலை ஓரிடத்தில் நின்றுபோய்க் காடு தொடங்குகிறது. ஏன் அங்கே நின்றது?

1. சரிவு. உச்சியை ஒட்டிய நிலம் பயிரிட முடியாத அளவுக்குச் செங்குத்தானது.

2. புனிதம். பாதம் இருக்கும் மலையில் கோடரி வைக்கப் பெரும்பாலோர் துணியவில்லை.

3. அச்சம். மேட்டுநிலக் காடுகள் போனால் மழையும் ஆறுகளும் கெடும் என்ற கவலை காலனித்துவ அரசுக்கும் வந்தது. 1873இல் இங்கிலாந்துத் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை விற்கக் கூடாது என்று அறிவுறுத்தினார்.

4. சட்டம். 1940 ஒக்டோபரில் மலையும் சுற்றுக்காடும் சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டன. பரப்பு ஏறக்குறைய 224 சதுர கிலோமீட்டர்.

இந்த நான்கில் எது அதிகம் காத்தது என்று கேட்டால், சட்டத்துக்கு முன்பே இரண்டாவதுதான் என்பேன். சட்டம் வந்தது 1940இல், யாத்திரை அதற்கு ஆயிரம் ஆண்டுகள் மூத்தது.

இங்கே ஒரு சொல் விளக்கம் தேவை. சரணாலயம் என்பது வனசீவராசிகள் சட்டத்தில் மென்மையான வகை. அதன் எல்லைக்குள் தனியார் காணிகளும் தோட்டங்களும் இருக்கலாம். இயற்கை ஒதுக்கம் என்பது இறுக்கமான வகை. சிவனொளிபாதச் சரணாலயத்தின் பெரும்பகுதி பின்னர் இயற்கை ஒதுக்கமாக உயர்த்தப்பட்டது. எனவே வழமையான யாத்திரைப் பாதையில் நடப்பவருக்குத் தடையில்லை. பாதையை விட்டு விலகி, புதிய முகடுகளையும் நீர்வீழ்ச்சிகளையும் தேடிக் காட்டுக்குள் கூடாரம் அடிப்பவருக்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். செய்திகளில் வழக்கு என்று வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையினர் மீது. மாணிக்கக்கல் அகழ்வதற்காகக் காட்டாறுகளைத் தோண்டுபவர்களும் அதில் அடக்கம்.

2010இல் யுனெஸ்கோ இலங்கையின் மத்திய மலைநாட்டை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. சிவனொளிபாதக் காடு, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் காடு ஆகிய மூன்றும் சேர்ந்த பட்டியல் அது. பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு: அங்கீகாரம் கிடைத்தது உச்சியிலுள்ள பாதத்துக்காக இல்லை, முழுக்க முழுக்க இயற்கைக்கான அளவுகோல்களின் கீழ், உயிரினங்களுக்காக. இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நில மழைக்காட்டிலிருந்து உச்சிக்கு அருகிலுள்ள குட்டையான மேகக்காடு வரை அறுபடாமல் ஏறிச் செல்லும் காடு இலங்கையில் வேறெங்கும் இந்த அளவில் எஞ்சவில்லை. வெப்பம் கூடும்போது உயிரினங்கள் மேல்நோக்கி நகர வேண்டியிருக்கும். நகர்வதற்கு அவற்றுக்கு இங்கே ஒரு வழி இன்னும் இருக்கிறது.

அதன் மதிப்புக்கு ஒரு சாட்சி போதும். 1853இல் விவரிக்கப்பட்ட ஒரு சிறு மரத்தவளை, பச்சை உடலில் வெளிறிய புள்ளிகளை நட்சத்திரம்போல் சிதறவிட்ட ஒன்று, அதன் பிறகு எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்த இனங்களின் பட்டியலில் அதன் பெயரை எழுதிவிட்டார்கள். 2009இல் ஆய்வாளர்கள் இந்தக் காட்டில் இலைகளின் மேல் உட்கார்ந்திருந்த அதை மீண்டும் கண்டார்கள். ஒன்றரை நூற்றாண்டாக மனிதர் மறந்திருந்த உயிரை இந்த ஈரம் வைத்துக் காத்திருந்தது.

யாத்திரைக் காலம் ஏன் ஆறு மாதம்

பருவம் டிசம்பர் மாதத்து உந்துவப் பௌர்ணமியில் தொடங்கி மே மாதத்து வெசாக் பௌர்ணமியில் முடிகிறது. இது சமய நாட்காட்டி. ஆனால் வானிலை நாட்காட்டியின் மேல் கச்சிதமாகப் பொருந்துகிறது.

1. மே இறுதி முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. மலை நேரடித் தாக்குதலில் இருக்கும் காலம். உச்சியில் நிற்க முடியாத காற்று, நாள்கணக்கில் விலகாத மூடுபனி, படிகளில் அருவிபோல் இறங்கும் நீர்.

2. ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவம். பிற்பகல் இடிமழையும் வங்கக் கடல் தாழமுக்கங்களும். மண் ஏற்கெனவே ஊறியிருப்பதால் மண்சரிவு அபாயம் கூடுதல்.

3. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. இப்போது மழை மலைநாட்டின் கிழக்குச் சரிவுகளில் இறங்கிவிடுகிறது. சிவனொளிபாதமலை மறுபக்கத்து மறைவில் நிற்கிறது. அதிகாலை வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை ஏறுவதற்கு மிக நல்ல காலம் என்பது இதனால்தான்.

4. மார்ச் இறுதியும் ஏப்ரலும் மீண்டும் இடைப்பருவம். காலை நன்றாக இருக்கும், பிற்பகலில் இடி மின்னல் வரும். இரும்புக் கைப்பிடிகள் நிறைந்த திறந்த பாறையில் மின்னல் நேரத்தில் நிற்பது உயிராபத்து. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் போகிறவர்கள் நண்பகலுக்கு முன்பே அடிவாரம் திரும்பிவிட வேண்டும்.

இனி 'நிறைவு' என்ற சொல்லுக்கு வருவோம். பருவம் முடியும்போது உச்சியிலிருந்து சமன் தெய்வத்தின் திருவுருவமும் பூசைப் பொருள்களும் ஊர்வலமாக இறக்கப்பட்டு, பெல்மதுளை கல்பொத்தாவெல விகாரைக்குப் போகின்றன. அடுத்த டிசம்பரில் மீண்டும் ஏறுகின்றன. தெய்வம் கீழே இறங்கிய பின் பாதையின் மின்விளக்குகள் அணைகின்றன, தேநீர்க் கடைகள் தகரத்தை மூடுகின்றன, வழிநெடுக இருந்த பொலிஸாரும் மருத்துவ உதவியும் குறைந்துவிடுகின்றன. மலைக்குப் பூட்டு இல்லை, பருவம் தவறி ஏறும் வெளிநாட்டுப் பயணிகளும் உண்டு. ஆனால் ஒருவர் வழுக்கி விழுந்தால் கூப்பிடும் தூரத்தில் ஆள் இருக்க மாட்டார். 'நிறைவு' என்ற சொல்லின் முழுப் பொருளும் அதுதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் நுவரெலியா அல்லது இரத்தினபுரி மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாள்களில், எந்தப் பருவமானாலும், பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

எந்தப் பாதை

வழக்கில் ஆறு பாதைகள் சொல்லப்படுகின்றன. கொழும்பிலிருந்து போகிறவர்களுக்குப் பயன்படுவன மூன்று.

1. ஹட்டன் – நல்லதண்ணி. கோட்டையிலிருந்து மலையக இரயிலில் ஹட்டன், அங்கிருந்து பஸ்ஸில் நல்லதண்ணி. பருவத்தில் கொழும்பிலிருந்து விசேட பஸ்களும் ஓடும். மிகக் குறுகியதும் கூட்டம் மிகுந்ததும் இதுவே. படிகள் 5,000க்கு மேல், பொதுவாக 5,500 என்பார்கள். நல்லதண்ணியே உயரத்தில் இருப்பதால் ஏறவேண்டியது ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரம். மூன்று முதல் நான்கு மணிநேரம் போதும். போயா தினங்களிலும் நீண்ட விடுமுறைகளிலும் மேற்பகுதியில் வரிசை நகராமல் மணிக்கணக்கில் நிற்பதுண்டு.

2. இரத்தினபுரி – பலாபத்தல. பழம்பெரும் பாதை. தூரமும் ஏறவேண்டிய உயரமும் மிகக் கூடுதல். மழைக்காட்டைத் தாழ்நிலத்திலிருந்து உச்சி வரை முழுதாகப் பார்க்க விரும்புகிறவருக்கு உரியது. நல்ல உடல்பழக்கம் வேண்டும். அட்டைகள் வரவேற்கும்.

3. குருவிட்ட – எரத்ன. இதுவும் நீளமானது, இரத்தினபுரிப் பாதையைவிட ஆளரவம் குறைந்தது. முதல்முறை ஏறுபவர் தனியாகப் போகும் பாதை அன்று.

முதல்முறை போகிறவருக்கும், சிறுபிள்ளைகளோடும் முதியவர்களோடும் போகிறவருக்கும் என் பரிந்துரை ஒன்றே: பருவத்தில், வார நாளில், நல்லதண்ணிப் பாதை.

நல்லதண்ணிப் பாதையில் சீத கங்குல என்ற ஓடை குறுக்கிடும். பெயருக்குப் பொருள் குளிர்ந்த ஆறு. முகம் கைகால் கழுவி, முடிந்தவர்கள் குளித்து, அதற்கு மேல் ஏறுவது வழக்கம். இந்திகட்டுபான என்ற இடத்தில் நூல் கோத்த ஊசியைக் குத்தி, நூலை இழுத்தபடி நடப்பார்கள். புதர்களில் வெள்ளை நூல்கள் சிலந்திவலைபோல் படர்ந்திருக்கும். கடைசிப் பகுதி மகாகிரிதம்ப. அங்கே படிகள் ஏணிபோல் நிமிர்ந்துவிடும். இரும்புக் கைப்பிடி பனியில் நனைந்து உள்ளங்கையைச் சுடுவதுபோல் குளிரும். முன்னால் போகிறவரின் குதிகால் உங்கள் முகத்துக்கு நேராக இருக்கும். உச்சியில் மணி தொங்குகிறது. எத்தனையாவது முறை ஏறியிருக்கிறீர்களோ அத்தனை முறை அடிக்க வேண்டும். ஒருமுறை அடித்துவிட்டு ஒதுங்கும் இளைஞருக்குப் பின்னால், இருபது முப்பது முறை எண்ணி அடிக்கும் பாட்டி ஒருவர் நிற்பார்.

குளிரைப் பற்றி ஒரு கணக்கு. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறைகிறது. அப்படியானால் உச்சி கொழும்பைவிட 14 பாகைக்கு மேல் குளிராக இருக்கும். ஜனவரி இரவில் கொழும்பில் 23 பாகை என்றால் மேலே 9 பாகை. வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டையோடு அந்தக் காற்றில் சூரியனுக்காகக் காத்திருப்பது உடலை நடுங்கவைத்துவிடும். உலர்ந்த மாற்றுச் சட்டை ஒன்று, காற்றைத் தடுக்கும் மேலாடை, காதை மூடும் தொப்பி, கைவிளக்கு: இவை போதும். நள்ளிரவுக்குப் பின் ஏறத் தொடங்கினால் விடியலுக்குச் சரியாக இருக்கும். மிக முன்னதாக ஏறி உச்சியில் மணிக்கணக்காக விறைப்பதே பலர் செய்யும் பிழை. இறங்கும்போது முழங்கால்தான் படும்பாடு படும். ஒவ்வொரு படியிலும் உடல் எடை முழுவதும் அதில் இறங்குகிறது. கைத்தடி இங்கே உதவும்.

விடிந்ததும் எல்லோரும் கிழக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மேற்கே திரும்பிப் பாருங்கள். மலையின் நிழல் கச்சிதமான முக்கோணமாகப் பனிமூட்டத்தின் மேல் விழுந்திருக்கும். 1886இல் பிரித்தானிய வானிலை ஆய்வாளர் ரால்ஃப் அபெர்குரோம்பி இதைப் பார்ப்பதற்கென்றே ஏறினார். நிழல் பல கிலோமீட்டர் தூரம் நீண்டு கிடக்கிறது. இரயில் தண்டவாளங்கள் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதுபோல, நிழலின் இரு ஓரங்களும் தொலைவில் கூடுவதாகக் கண் காண்கிறது. அதனால் மலை எந்த வடிவில் இருந்தாலும் நிழல் கூம்பாகவே தெரியும்.

அந்த நீர் எங்கே போகிறது

களனி, களு, வளவை ஆகிய மூன்று பெரிய ஆறுகளுக்கு இந்தக் காடு நீர் கொடுக்கிறது. காடு அதைச் செய்யும் முறையைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். உச்சிக்கு அருகிலுள்ள மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு, தண்டெல்லாம் பாசி போர்த்தி நிற்கும். மழையே பெய்யாத காலையிலும் அவற்றின் கீழே சொட்டுச் சொட்டென்று நீர் விழுந்துகொண்டிருக்கும். மேகம் இலைகளுக்குள் புகுந்து போகும்போது அதன் ஈரம் பாசியில் ஒட்டி, திரண்டு, துளியாகிறது. கீழே பல்லாண்டு இலைச்சருகால் ஆன மண் அதை உறிஞ்சி, மெல்ல மெல்ல ஓடைக்கு விடுகிறது. அந்தக் காடு இல்லாத சரிவில் பெய்யும் மழை ஒரே நாளில் வெள்ளமாகிக் கீழே போய்விடும், அடுத்த மாதம் ஓடை வற்றிவிடும்.

நல்லதண்ணிப் பக்கத்து ஓடைகள் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் சேர்கின்றன. 1969இல் அந்த அணை கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேறு பூசியபடி வெளியே வருகின்றன. ஊர்க்காரர்கள் இறங்கிப் போய்த் தங்கள் தாத்தா பாட்டி கும்பிட்ட இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். அந்த நீர் லக்சபான மின்நிலையங்களின் சுழலிகளைச் சுற்றிவிட்டு, காசல்ரீ நீர்த்தேக்கப் பக்கத்துக் கெஹெல்கமு ஓயா என்ற ஆற்றோடு கூடிக் களனி கங்கையாகிறது. டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்த நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று வாதாடினார். 1950இல் அது கொழும்புக்கு வந்து சேர்ந்தது.

சுழலியைச் சுற்றிய பின்பும் அதன் வேலை முடிவதில்லை. கொழும்பு எல்லைக்கு அருகே அம்பத்தளையில் களனி கங்கையிலிருந்து நீரை எடுத்துச் சுத்திகரிக்கிறார்கள். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குழாயைத் திறந்தால் வரும் நீரில் பெரும்பங்கு அங்கிருந்து வருவது. தெற்குப் புறநகர்கள் சிலவற்றுக்குக் களு கங்கை நீர் போகிறது. அதன் தலையும் இதே மலைத்தொடரில்தான். எஞ்சிய களனி, முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. மலையடிவாரத்தில் நல்லதண்ணி என்றும் கடலோரத்தில் முகத்துவாரம் என்றும் ஆற்றின் இரு முனைகளுக்கும் தமிழ்ப் பெயர்கள்.

இதில் யாத்திரிகர் நேரடியாக நுழையும் இடம் ஒன்று இருக்கிறது. யாத்திரை உச்சத்தில் இருக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களே களனிக்கு வறண்ட மாதங்கள். வானம் தெளிந்திருப்பதால் நாம் ஏறுகிறோம், அதே தெளிந்த வானத்தால் ஆறு மெலிகிறது. காட்டில் தீ பரவும் காலமும் அதுவே. அணையாமல் வீசிய ஒரு சிகரெட் துண்டு, ஊறிக் கிடக்க வேண்டிய சருகு மண்ணைச் சாம்பலாக்கிவிடும். பாதையோரத்தில் விழும் பொலித்தீன் பைகளும் பிளாஸ்டிக் போத்தல்களும் மலையிலேயே கிடப்பதில்லை. அடுத்த மழையில் சீத கங்குலவுக்கும், அங்கிருந்து மவுசாகலைக்கும் இறங்குகின்றன. ஆகவே தண்ணீரை நிரப்பக்கூடிய போத்தலில் கொண்டுபோவதும், உறையோடு ஏறியதை உறையோடு பையில் திருப்பிக் கொண்டுவருவதும் ஏறுபவர் செய்ய வேண்டியவை.

ஆறு மிகவும் மெலிந்தால் முகத்துவாரத்திலிருந்து கடல்நீர் ஆற்றுக்குள் மேலேறத் தொடங்குகிறது. உப்புநீர் நன்னீரைவிடக் கனமானதால் ஆற்றின் அடிப்பக்கமாக ஊர்ந்து வந்து அம்பத்தளையை நெருங்கும். குடிநீர் எடுக்கும் இடத்தைக் காக்க அங்கே ஆற்றின் குறுக்கே உவர்நீர்த் தடுப்பு இருக்கிறது. தடுப்போடு சேர்ந்து அந்த உப்பைப் பின்னுக்குத் தள்ளுவது லக்சபான மின்நிலையங்கள் திறந்துவிடும் நீரும், மேலே பாசி படர்ந்த மரங்களிலிருந்து அந்த வறண்ட மாதத்திலும் சொட்டிக்கொண்டிருக்கும் நீரும்.